கைக்கும் ஒரு காஷன் ஆர்டர்

சென்ற சித்திரைத் திருநாள் விழாவில் நடந்தது இது. பந்தி பரிமாறிக்கொண்டிருந்த நண்பர் ஒருவர், சாம்பார் வாளியை என் இலைக்குப் பக்கத்தில் டொக்கென்று வைத்துவிட்டு முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு மாசமா இப்படித்தான் சார். கரண்டியைப் பிடிச்சா முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் இழுக்குது. சுளுக்குன்னு நினைச்சு எண்ணெய் போட்டுத் தேய்ச்சேன். இன்னும் அதிகமாயிடுச்சு" என்றார். அடுத்த இலையில் இருந்த அம்மையார், "எனக்கும் அதே வலிதாங்க, தேங்காய் துருவ முடியல" என்றார். கொண்டாப்பூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவரும் தன் வலது கையை நீட்டிக் காட்டினார். ஒரே பந்தியில் மூன்று கைகள்!

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பாயசம் வந்துவிட்டது. விட்ட இடத்திலிருந்து இங்கே தொடர்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் அல்ல. சிவில் இன்ஜினியரிங் டிப்ளமோ படித்துவிட்டு, தென் மத்திய ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் காலம் கழித்து ஓய்வு பெற்றவன். என்றாலும் எங்கள் வீட்டில் ஒரு கை ஏறக்குறைய ஒரு வருஷம் பட்ட பாட்டைக் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன். அப்போது டாக்டரும் பிசியோதெரபிஸ்டும் சொன்னவற்றையும், நானாகத் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டவற்றையும், நாங்கள் செய்த தவறுகளையும் சேர்த்தே எழுதுகிறேன். அந்தத் தவறுகளில் பெரிய பங்கு என்னுடையது.

ஆவக்காயில் ஆரம்பித்த வினை

என் மனைவி கும்பகோணம் பக்கத்துப் பெண். ஆனால் செகந்திராபாத் வந்து முப்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டதால் வெயில் காலம் வந்தால் வடாம் போடுகிறாளோ இல்லையோ, ஆவக்காய் போட்டாக வேண்டும். 2023 மே மாதம் இருபத்தைந்து மாங்காய் வாங்கிவந்தோம். ஆவக்காய்க்கு மாங்காயைக் கொட்டையின் ஓட்டோடு சேர்த்துப் பிளக்க வேண்டும் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். மோண்டா மார்க்கெட்டில் காசு கொடுத்தால் வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். "அவங்க துண்டு ஒண்ணு பெரிசா ஒண்ணு சின்னதா போடுவாங்க" என்று சொல்லி அவளே உட்கார்ந்து அத்தனையையும் வெட்டினாள். அந்த வாரம் பார்த்து வேலைக்கார அம்மாவும் ஊருக்குப் போய்விட, படுக்கை விரிப்புகளைக் கையால் துவைத்துப் பிழிந்ததும் அவள்தான்.

மூன்றாம் நாள், "என்னங்க, முழங்கை வெளிப்பக்கம் சுருக்கு சுருக்குன்னு குத்துது" என்றாள். "வயசாயிடுச்சில்ல, போகப் போகச் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு நான் பேப்பரைப் புரட்டினேன். மூன்று வாரம் கழித்து, காபி டம்ளரை எனக்கு நீட்டும்போது அது அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது. அவளுக்குப் பிடிக்க முடியவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். என் காபி கொட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு கிளினிக்கில் காட்டினோம். முழங்கையில் ஸ்டீராய்டு ஊசி ஒன்று போட்டார்கள். ஒரே வாரத்தில் வலி போன இடம் தெரியவில்லை. "பார்த்தீங்களா, சும்மா ஒரு மாசம் கஷ்டப்பட்டேன்" என்றாள். மறுபடியும் வாளி, அரிவாள்மணை, சப்பாத்திக் கட்டை எல்லாம் பழையபடி. செப்டம்பரில் கோகுலாஷ்டமி வந்தது. முறுக்கு அச்சில் இரண்டு கிலோ மாவைப் பிழிந்தாள். மறுநாள் காலை பல் தேய்க்கும் பிரஷைப் பிடிக்க முடியவில்லை. முன்பு இருந்ததைவிட இரண்டு மடங்கு வலி.

ஊசியால் வலி நின்றது உண்மைதான். ஆனால் வலியை உண்டாக்கிய கோளாறு உள்ளே அப்படியே இருந்தது. சிக்னல் விளக்கை அணைத்துவிட்டு, பாதை சரியாகிவிட்டது என்று நாங்கள் வண்டியை ஓட்டிவிட்டோம்.

கைக்குள் என்ன நடக்கிறது?

உங்கள் வலது கையை மேஜைமேல் உள்ளங்கை கீழே இருக்கும்படி வையுங்கள். முழங்கையின் வெளிப்பக்கத்தில் ஓர் எலும்பு முண்டு தட்டுப்படும். மணிக்கட்டையும் விரல்களையும் மேல்நோக்கித் தூக்கும் தசைகளில் பல அந்தச் சிறிய முண்டில் வந்துதான் சேருகின்றன. தசையை எலும்போடு பிணைக்கும் நார்க்கயிற்றைத் தசைநாண் என்கிறோம். இத்தனை தசைகளின் இழுப்பும், கட்டைவிரல் நுனி அளவேயுள்ள அந்த ஒரே இடத்தில் விழுகிறது.

"தூக்கும் தசைக்கும் டம்ளரைப் பிடிப்பதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம். ஒரு சோதனை செய்து பாருங்கள். மணிக்கட்டை முடிந்தவரை கீழே மடக்கிக்கொண்டு, அந்த நிலையில் விரல்களை இறுக்கிக் குத்து மூடுங்கள். முடியாது. இறுக்கிப் பிடிக்க வேண்டுமானால் மணிக்கட்டு நிமிர்ந்து நிற்க வேண்டும். அதை நிமிர்த்திப் பிடிப்பது இந்த வெளிப்பக்கத் தசைகள்தாம். ஆகவே கரண்டி, டம்ளர், துடைப்பம், மவுஸ், ஸ்க்ரூடிரைவர் என்று எதைப் பிடித்தாலும் இவற்றுக்கு வேலை உண்டு.

இப்போது என் தொழில் புத்திப்படி ஒரு கணக்கு. உள்ளங்கை கீழே இருக்க, 2 கிலோ பொருளைத் தூக்குகிறோம். பொருளின் எடை மணிக்கட்டு மூட்டிலிருந்து சுமார் 8 செ.மீ. தள்ளி இறங்குகிறது. அதைத் தாங்கும் தசைநாணோ மூட்டிலிருந்து சுமார் 2 செ.மீ. தூரத்தில்தான் ஓடுகிறது. நெம்புகோல் கணக்குப்படி தசை கொடுக்க வேண்டிய இழுவிசை நான்கு மடங்கு, அதாவது ஏறக்குறைய 8 கிலோ. நீளக் கைப்பிடி வைத்த வாணலியாக இருந்தால் எடை இன்னும் தள்ளிப் போகிறது, இழுவிசையும் ஏறுகிறது. இது தோராயக் கணக்குதான். ஆனாலும் சமையலறையில் ஒரு நாளைக்கு இதை எத்தனை நூறு தடவை செய்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்றால் நார் நையாதா?

வலி முன்கையின் சதைப்பகுதியில் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் தசைப்பிடிப்பு. தசைக்கு ரத்த ஓட்டம் அதிகம். சாதாரணமாகச் சில வாரங்களில் ஆறிவிடும். முழங்கை முண்டை ஒட்டி வலித்தால் தசைநாண் பாதிக்கப்பட்டிருக்கலாம். அதற்கு ரத்த ஓட்டம் குறைவு. ஆற மாதக்கணக்கில் ஆகும். நாள்பட்ட நிலையில் அங்கே இருப்பது பெரும்பாலும் வீக்கம் அல்ல, தேய்மானத்துக்கு ஈடு கொடுக்கும் அளவுக்குப் பழுதுபார்ப்பு நடக்காமல் நார்கள் ஒழுங்கு குலைந்திருப்பதுதான் என்று மருத்துவர்கள் இப்போது சொல்கிறார்கள். அழற்சியை அடக்கும் மருந்து மட்டும் போதாமல் போவதற்கு இதுவே காரணம்.

வீட்டிலேயே அறிய ஒரு வழி உண்டு. கையை நேராக நீட்டி, உள்ளங்கை கீழே இருக்க, புறங்கையை வேறொருவர் மெதுவாக அழுத்தட்டும். நீங்கள் அதை எதிர்த்து மேலே தூக்கப் பாருங்கள். முழங்கையின் வெளிமுண்டில் சுருக்கென்று வலித்தால் இந்தக் கோளாறாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பெயர் டென்னிஸ், வலி எல்லாருக்கும்

இதற்கு டென்னிஸ் எல்போ என்று பெயர். 1873-இல் ஜெர்மானிய மருத்துவர் ஒருவர் இதை முதன்முதலாக விவரித்தபோது, எழுதுகிறவர்களுக்கு வரும் உபாதையாகத்தான் விவரித்தார். அடுத்த பத்து வருஷத்தில் இங்கிலாந்தில் டென்னிஸ் மோகம் பரவ, 1883 வாக்கில் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு இதனால் அவதிப்படுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் டென்னிஸ் மட்டையைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்கள். 35 முதல் 55 வயதுவரை உள்ளவர்களுக்கு அதிகம் வருகிறது. முழங்கையின் உள்பக்க முண்டில் வந்தால் அதற்கு கோல்ஃபர்ஸ் எல்போ என்று பெயர். அதற்கும் ஏறக்குறைய இதே வைத்தியம்தான்.

நம் நாட்டில் இந்தப் பெயரைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டு சேர்த்தவர் சச்சின் டெண்டுல்கர். 2004-இல் அவருடைய இடது முழங்கையில் இந்த வலி வந்தது. அந்த வருஷம் ஆஸ்திரேலியா இங்கே ஆட வந்தபோது பெங்களூரிலும் சென்னையிலும் நடந்த முதல் இரண்டு டெஸ்ட்களில் அவர் ஆடவில்லை. நாக்பூரில் மூன்றாவது டெஸ்டுக்குத்தான் திரும்பினார். ஆனாலும் வலி விடவில்லை. 2005 மே மாதம் லண்டனில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அக்டோபரில் மறுபடி களமிறங்கி, டிசம்பரில் டில்லியில் 35-ஆவது டெஸ்ட் சதத்தை அடித்து கவாஸ்கரின் சாதனையைக் கடந்தார்.

அத்தனை வைத்திய வசதியும் உள்ள மனிதருக்கே ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஆகவே மூன்று வாரத்தில் போகவில்லையே என்று நாம் மனம் தளர வேண்டியதில்லை. அறுவை சிகிச்சை மிகச் சிலருக்கே தேவைப்படுகிறது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலோருக்கு ஒரு வருஷத்துக்குள் தானாகவே குறைந்துவிடுகிறது, சுமையை அறிந்து நடந்துகொண்டால்.

கேங்க் மேட் கற்றுக்கொடுத்த பாடம்

செப்டம்பரில் வலி திரும்பியதும் நான் அடுத்த கோடிக்குப் போனேன். "இனிமேல் கையை அசைக்கவே கூடாது" என்று தூளி மாதிரி துணியைக் கட்டிக் கையைத் தொங்கப் போட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்து அவிழ்த்தபோது வலி கொஞ்சம் குறைந்திருந்தது. ஆனால் கையில் பலமே இல்லை. தோளும் இறுகிப்போயிருந்தது. எங்களுக்கு வழிகாட்டிய தெலுங்குக்கார பிசியோதெரபிஸ்ட் பெண் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "பூரா ரெஸ்டும் தப்பு, பூரா வேலையும் தப்பு அங்கிள். மெல்லகா, மெல்லகா" என்றார்.

அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு காஜிபேட் பக்கம் வேலை பார்த்த நாட்கள் நினைவுக்கு வந்தன. அந்தக் காலத்தில் ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லியை இறுக்க பீட்டர் என்ற இரும்புக் கருவியால் கேங்மேன்கள் கையால் அடிப்பார்கள். புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு முதல் வாரத்திலேயே முன்கை கட்டிக்கொள்ளும். அனுபவம் உள்ள மேட் அவனை வீட்டுக்கு அனுப்பமாட்டார், பீட்டரையும் கொடுக்கமாட்டார். கொடி பிடிக்கச் சொல்வார். அடுத்த வாரம் கேஜ் தூக்கச் சொல்வார். அப்புறம் மற்றவர்கள் பத்து அடி அடித்தால் இவன் நான்கு. ஒரு மாதத்தில் பையன் வரிசையில் சேர்ந்துவிடுவான்.

தண்டவாளத்துக்கும் இதே சட்டம்தான். ஜல்லியை அள்ளிச் சலித்துப் போட்ட பாதை இளகிக் கிடக்கும். உடனே முழு வேகத்தில் வண்டியை விட்டால் ஆபத்து. அதற்காக வண்டியே விடாமல் பூட்டி வைத்தால் பாதை கெட்டிப்படவும் படாது. ஜல்லி இறுகுவதே அதன்மேல் வண்டி ஓடுவதால்தான். ஆகவே டிரைவருக்கு காஷன் ஆர்டர் கொடுப்போம். முதலில் மணிக்கு 20 கி.மீ., பிறகு 45, பிறகு 75, கடைசியில்தான் முழு வேகம். ஒவ்வொரு கட்டத்திலும் பாதை தாங்குகிறதா என்று பார்த்துவிட்டே அடுத்த கட்டம்.

நைந்த தசைநாணும் இளகிய பாதைதான். அளவான சுமையைப் படிப்படியாக ஏற்றினால்தான் அதன் நார்கள் ஒழுங்குபட்டு உறுதியாகும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த செய்தி இந்த ஒன்றுதான். மற்றவை செய்முறை.

செய்முறை: முதல் ஒரு வாரம்

வலி புதிதாக இருக்கும்போது அதைக் கிளப்பும் வேலைகளைக் குறையுங்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிஷம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை வைக்கலாம். இது வலியை மரத்துப்போகச் செய்யுமே தவிர ஆற்றாது. சில நாள் கழித்து வெந்நீர் ஒத்தடம் இதமாக இருந்தால் அதைக் கொடுங்கள். சர்க்கரை நோயால் தொடு உணர்ச்சி குறைந்தவர்கள் இரண்டிலும் கவனமாக இருக்க வேண்டும். தோல் வெந்தாலும் அவர்களுக்குத் தெரியாது.

மேலே பூசும் வலி நிவாரண ஜெல் கொஞ்சம் உதவும். வலி மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கி விழுங்குவது நம்மவர்களின் வழக்கம். ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், இருதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைச் செய்யக்கூடாது.

சுளுக்கு வழிக்கிறேன் என்று எண்ணெய் போட்டு அந்த முண்டின்மேல் கட்டைவிரலால் அழுத்தித் தேய்க்கவிடாதீர்கள். புத்தூர் கட்டுக்குப் போகலாமா என்று எங்கள் உறவினர் ஒருவர் கேட்டார். எலும்பு முறிவுக்கென்று அங்கே காலங்காலமாக மக்கள் போகிறார்கள். இங்கே முறிந்தது எதுவும் இல்லை. அசையாமல் கட்டிவைப்பதால் லாபமும் இல்லை. அதை நாங்கள் மூன்று வாரத் தூளியில் தெரிந்துகொண்டோம்.

பிறகு: தண்ணீர் பாட்டில் வைத்தியம்

20 கி.மீ. வேகம்: கையை மேஜைமேல் வைத்து, உள்ளங்கை கீழே இருக்க, கைத்தலம் மட்டும் விளிம்புக்கு வெளியே நீளட்டும். மற்ற கையால் புறங்கையைக் கீழே அழுத்துங்கள். வலிக்கும் கை அசையாமல் எதிர்த்து நிற்கட்டும். 30 முதல் 45 விநாடி. சற்று ஓய்வு கொடுத்து நான்கு அல்லது ஐந்து முறை. தினம் ஒரு வேளை. அசைவில்லாமலே தசைக்கு வேலை கொடுக்கும் வழி இது.

45 கி.மீ. வேகம்: முதல் கட்டம் இரண்டு வாரம் சுகமாகப் போனால், அதே நிலையில் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொள்ளுங்கள். மற்ற கையின் உதவியோடு மணிக்கட்டை மேலே தூக்கி, பிறகு உதவியை விட்டுவிட்டு, ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று எண்ணியபடி மெதுவாகக் கீழே இறக்குங்கள். 10 முதல் 15 முறை, இடைவெளி விட்டு மூன்று சுற்று. ஒரு மில்லி லிட்டர் தண்ணீர் ஒரு கிராம். ஆகவே பாட்டிலைப் போன்ற துல்லியமான எடைக்கல் வேறில்லை. கால் லிட்டரில் ஆரம்பித்தோம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 100 மில்லி கூட்டினோம். பாட்டிலில் பேனாவால் நான் கோடு போட்டுக்கொடுத்தேன். "உங்க ஆபீஸ் புத்தி போகாதே" என்றாள். ஆனால் கோட்டைத் தாண்டியதும் அவளுக்குச் சந்தோஷம்தான்.

75 கி.மீ. வேகம்: பாட்டில் ஒரு லிட்டரை எட்டியபின், உதவியில்லாமல் தூக்கி இறக்குவது, சுருட்டிய காய்ந்த துண்டை இரு கையாலும் மெதுவாக முறுக்குவது ஆகியவை.

எந்தக் கட்டத்திலும் வலிக்கு ஒரு அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள். வலியே இல்லையென்றால் 0, தாங்கவே முடியாதது 10. பயிற்சியின்போது 3 வரை வந்தால் பயப்பட வேண்டாம். மறுநாள் காலையில் கை முந்தின நாளைப்போல இருந்தால் சரி. மறுநாள் அதிகமாக வலித்தால் நேற்று சுமை கூடிவிட்டது என்று அர்த்தம். ஒரு படி கீழே இறங்குங்கள், நிறுத்த வேண்டாம்.

முழங்கைக்கு இரண்டு மூன்று விரல் கீழே கட்டும் பட்டை மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. வேலை செய்யும்போது சிலருக்கு அது உதவுகிறது. விரல் மரத்துப்போகும் அளவுக்கு இறுக்கக்கூடாது. தூங்கும்போது கழற்றிவிட வேண்டும்.

சமையலறையில் சில மாற்றங்கள்

எடையை உள்ளங்கை மேலே பார்க்கும்படி தூக்குங்கள். பெரும் பங்கு மேற்கைத் தசைக்குப் போய்விடும். எதையும் உடம்புக்கு ஒட்டி, இரண்டு கையாலும் தூக்குங்கள். முழு வாளிக்குப் பதில் அரை வாளி. மெலிந்த கைப்பிடிகளில் துணியைச் சுற்றித் தடிமனாக்கினால் இறுக்க வேண்டிய அவசியம் குறையும். கத்தியைச் சாணை பிடியுங்கள். மழுங்கின கத்தி மணிக்கட்டின் எதிரி. துணியை முறுக்கிப் பிழியாமல் சொட்டச் சொட்டவே கொடியில் போடுங்கள். ஹைதராபாத் வெயில் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். கம்ப்யூட்டர்காரர்கள் மவுஸை உடம்புக்குப் பக்கத்தில் வைத்து, முன்கை மேஜையில் தாங்கியிருக்க வேலை செய்யட்டும். அரை மணிக்கு ஒரு முறை கையை எடுத்து உதறட்டும்.

ஊசி போடலாமா?

இதைப் பற்றி 2002-இல் ஹாலந்து நாட்டில் நடத்திய ஆய்வு ஒன்று கண்ணைத் திறப்பதாக இருந்தது. 185 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு ஸ்டீராய்டு ஊசி, ஒரு பிரிவுக்கு பிசியோதெரபி, மூன்றாவது பிரிவுக்கு ஆலோசனை மட்டும் சொல்லிப் பொறுத்திருக்கச் செய்தார்கள். ஆறு வாரத்தில் ஊசிக்காரர்களில் 92 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். மற்ற இரண்டும் வெகு பின்னால். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் நிலைமை தலைகீழ். பிசியோதெரபி 91 சதவீதம், சும்மா பொறுத்திருந்தவர்கள் 83 சதவீதம், ஊசி 69 சதவீதம். பின்னர் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வுகளும் ஊசி போட்டவர்களுக்கு வலி திரும்பிவருவது அதிகம் என்றே காட்டின.

ஊசி போட்டவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. தாங்கமுடியாத வலிக்கு அது தேவைப்படும் சந்தர்ப்பம் இருக்கலாம். முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். ஆனால் "ஊசிக்குப் பிறகு எத்தனை நாள் எதையெல்லாம் தூக்கக்கூடாது? ஒரு வருஷம் கழித்து நிலைமை எப்படி இருக்கும்?" என்று இரண்டு கேள்வி கேட்டிருக்க வேண்டியது எங்கள் பொறுப்பு. நாங்கள் கேட்கவில்லை.

வீட்டு வைத்தியம் போதாத நேரம்

கீழே விழுந்து அடிபட்டபின் வீக்கமோ கோணலோ தெரிந்தாலும், 'டப்'பென்று சத்தம் கேட்டு ரத்தம் கன்றினாலும், மூட்டு சிவந்து சூடேறிக் காய்ச்சல் வந்தாலும், விரல்கள் மரத்தாலும், பலமிழந்தாலும், வலி கழுத்திலிருந்து இறங்கினாலும், இரவில் தூங்கவிடாமல் வலித்தாலும் உடனே மருத்துவரைப் பாருங்கள். ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் குறையவில்லையென்றாலும் காட்டுவதே நல்லது.

இன்னொன்றை வயதானவர்கள் நினைவில் வைக்க வேண்டும். கை வலியோடு நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல், தாடை வலி இவற்றில் எது சேர்ந்தாலும், அதிலும் இடது கையானால், அது முழங்கைச் சமாசாரமே அல்ல என்று எண்ணி அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.

சுமையை யார் வாங்கிக்கொள்வது?

கணக்கெல்லாம் சரி. ஆனால் கையின் சுமையைக் குறைக்க வேண்டும் என்று சொன்னால், குறைத்த சுமை எங்கேயாவது போயாக வேண்டும். ஒரு பாலத்தில் ஒரு தூண் பழுதானால் அதன் சுமையைத் தாங்க முட்டுக் கொடுக்காமல் பழுது பார்க்க முடியாது. இது தெரிந்த நான், வீட்டில் முட்டுக் கொடுக்காமலே "ரெஸ்ட் எடு, ரெஸ்ட் எடு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். சமையல், துவையல், தண்ணீர் பிடித்து வைப்பது எல்லாம் அவள் தலையிலேயே இருக்கும்போது எங்கிருந்து ரெஸ்ட்? ஒரு நாள் பிசியோதெரபிஸ்ட் என்னைப் பார்த்து நேராகவே கேட்டார்: "அங்கிள், வீட்டில் வாளியை யார் தூக்குகிறார்கள்?" எனக்குப் பதில் வரவில்லை.

ஊரில் இருந்தால் அக்காவோ நாத்தனாரோ வந்து ஒரு மாதம் பார்த்துக்கொண்டு போவார்கள். பிழைக்க வந்த ஊரில், பிள்ளைகளும் வெளியூர் போய்விட்ட வீட்டில், இரண்டே பேர். ஒருவர் கை ஓய வேண்டுமானால் மற்றவர் கை நீள வேண்டும். அன்றிலிருந்து வாளி, குக்கர், தேங்காய்த் துருவல், சப்பாத்தி மாவு பிசைவது நான்கும் என்னுடையவை. முதல் மாதம் என் சப்பாத்தி ஆந்திர மாநில வரைபடம் மாதிரி இருந்தது. இப்போது வட்டத்துக்கு வந்துவிட்டது.

செப்டம்பரில் ஆரம்பித்த இரண்டாவது வலி ஏப்ரலில்தான் முழுவதும் போயிற்று. ஏழு மாதம். நடுவில் இரண்டு முறை பின்வாங்கி, பாட்டிலில் கோட்டைக் குறைத்தோம். அவ்வளவும் கணக்கில் சேர்த்திதான்.

2024 மே மாதம் மறுபடியும் மாங்காய் வாங்கினோம். இந்த முறை மோண்டா மார்க்கெட்டிலேயே வெட்டி வாங்கினோம். துண்டுகள் ஒன்று பெரிசு, ஒன்று சின்னதுதான். உப்பு, காரம், கடுகுப் பொடி, நல்லெண்ணெய் போட்டுப் புரட்டியது என் கை. அளவு சொன்னது அவள். ஜாடியை மூடும்போது, "போன வருஷத்தைவிட நல்லா வந்திருக்கு" என்றாள். கையைச் சொன்னாளா, ஊறுகாயைச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

அன்பர்களே, உங்கள் வீட்டில் யாராவது "கை வலிக்குது" என்றால், பேப்பரைக் கீழே வையுங்கள். காஷன் ஆர்டர் எழுதுங்கள். பிறகு வாளியை நீங்கள் தூக்குங்கள்.